ஓடை வழியாகத் திரும்புவேன்

எனக்குக் கோபம் வரும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் குறைப்பட்டுக்கொள்ள வேண்டாம். நுண்ணோக்கியில் கண்ணை வைத்திருக்கும் நேரம் மட்டும்தான் நான் நிதானமாக இருப்பேன். மற்ற நேரமெல்லாம் கைக்கு முன்னால் வாய் போய் நிற்கும். எங்கள் திட்ட மேலாளர் கோபால்சாமி எனக்கு ஊசிப் பட்டாசு என்று பேர் வைத்திருந்தார். வைத்துக்கொள்ளட்டும். என் சொந்தப் பேர் திரௌபதி. ஊர் கலசப்பாக்கம் பக்கம். தினமும் காலை பஸ்ஸில் ஜவ்வாது மலையேறி, மாலை பஸ்ஸில் இறங்குகிறவள். காசநோய்த் திட்டத்தில் லேப் டெக்னீஷியன். தற்காலிகம். பன்னிரண்டு வருடமாகத் தற்காலிகம்.

திட்டத்துக்குப் பணம் வெளிநாட்டிலிருந்து வந்தது. அதை வாங்கி நடத்தியது மலைநலம் என்ற ஓர் அறக்கட்டளை. அதன் தலைமை அலுவலகம் சென்னையில், கிளை அலுவலகம் ஜமுனாமரத்தூரில். மலைமேல் நாங்கள் இருபத்து மூன்று பேர் வேலை பார்த்தோம். இருபத்து மூன்று பேருக்கும் சேர்த்துச் சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்தபோது, சத்தமாகப் பேசுகிறவள் என்பதால் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். இது அந்தச் சங்கத்தின் கதை இல்லை. கோகிலவாணியின் கதை.

கோகிலவாணி மலைக்காரப் பெண். வீடு ஆலங்கொல்லையில். ஏழு ஊர்களுக்கு அவள்தான் களப்பணியாளர். விடாமல் இருமுகிறவர் யார் என்று பார்த்து, சளி டப்பாவைக் கொடுத்து, அதை என்னிடம் கொண்டுவந்து சேர்ப்பாள். நோய் உறுதியானால் ஆறு மாதம் தினமும் நோயாளி தன் கண் முன்னால் மாத்திரை விழுங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் நகர்வாள். ஆறு மாதம் என்று சொல்வது சுலபம். இரண்டாம் மாதமே இருமல் நின்றுவிடும், உடம்பு தேறிவிடும், எனக்கு எதற்கு இனி மாத்திரை என்று ஆள் கொல்லை வேலைக்குக் கிளம்பிவிடுவார். அங்கேதான் நோய் திரும்ப வந்து உட்காரும்.

பெருங்காட்டூர் கருப்பன் அப்படித்தான் மாட்டேன் என்று உட்கார்ந்தார். கோகிலவாணி வாதாடவில்லை. அவர் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து, அவர் பெண்சாதியோடு சேர்ந்து சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். மதியம் ஆயிற்று, புடைத்தாள். வெயில் சாய்ந்தது, இன்னொரு முறத்தை எடுத்தாள். கருப்பன் எழுந்து வந்து மாத்திரையை வாங்கி விழுங்கிவிட்டு, "இந்தப் பொண்ணை இப்படியே வுட்டா அடுத்த வருசத்து சாமையையும் இன்னைக்கே புடைச்சிடும்" என்றாராம். அதற்கப்புறம் அவர் ஒரு நாளும் தவறவில்லை. அவருடைய கடைசிச் சளித் தகட்டை நுண்ணோக்கியில் பார்த்தது நான்தான். சுத்தமாக இருந்தது.

இப்படிப்பட்டவளிடம் எனக்கு எரிச்சல் வந்தது என்றால் நம்புவீர்களா? வந்தது. பேசவே மாட்டாள். கூட்டம் போட்டால் கடைசியில் உட்கார்ந்து தலையாட்டுவாள். மாலையில் டப்பாக்களைக் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது மட்டும், தினமும் மறக்காமல், "அக்கா, நான் மூங்கிலோடை போய்ட்டு ஓடை வழியா வூட்டுக்குப் போறேன்" என்பாள். சொல்லிவிட்டு ஒரு நொடி நிற்பாள். பஸ்ஸுக்கு நேரமாகிற அவசரத்தில் நான், "சரி சரி, கிளம்பு" என்று விரட்டுவேன். வழியைச் சொல்லிவிட்டுப் போவது மலையில் பழக்கம் என்று தெரியும். காடு, கரடி, வழுக்குப் பாறை எல்லாம் இருக்கிற இடம். சொல்லட்டும், எனக்கென்ன என்று இருந்தேன்.

இப்போது பிரேக் நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஒப்பந்தம் மார்ச் முப்பத்தொன்றில் முடியும். அடுத்தது ஏப்ரல் இரண்டில் தொடங்கும். நடுவில் ஏப்ரல் ஒன்று, அந்த ஒரு நாள் நாங்கள் யாருக்கும் வேலைக்காரர்கள் இல்லை. முட்டாள்கள் தினமாகப் பார்த்துத்தான் வைத்தார்களோ என்னவோ. ஒரு நாள் அறுத்துவிட்டால் தொடர்ந்து வேலை பார்த்தோம் என்று நாளைக்கு உரிமை கேட்க முடியாதாம். ஊரே கதவைச் சாத்திக்கொண்ட அந்தக் கொரோனா வருடத்தில்கூட எங்களுக்கு பிரேக் விட்டார்கள். கிருமிக்கும் சொல்லியிருப்பார்கள் போல, இன்றைக்கு நீயும் லீவு என்று.

மார்ச் முப்பத்தொன்றாம் தேதி சாயந்திரம் கிளை அலுவலகத்தில் வரிசையில் நிற்போம். அடையாள அட்டையையும் பையையும் ஒப்படைத்து ஒரு படிவம் எழுதித் தர வேண்டும். பேர், அட்டை எண், பை ஒன்று, கையெழுத்து. கீழே 'குறிப்பு' என்று ஒரு கட்டம். பை கிழிந்திருந்தால், அட்டை தொலைந்திருந்தால் எழுதுவதற்கு. கோபால்சாமி வாங்கி, 'பெறப்பட்டது' என்று முத்திரை குத்தி, சுருக்கொப்பம் போட்டு அடுக்கில் போடுவார். நாங்கள் படிவத்தை நீட்டிவிட்டு ஓடுவோம். கோகிலவாணி மட்டும் முத்திரை விழும்வரை நின்று பார்ப்பாள். பின்னால் நிற்கிற நான், "இன்னாடி, முத்திரைக்குக் கல்யாணமா பண்ணி வைக்கிற? நகரு" என்று தள்ளுவேன். சிரித்துக்கொண்டே நகர்வாள்.

பிரேக் நாளில் நான் வீட்டில் துணி துவைத்தேன். மறைக்கவில்லை. வேலை இல்லை என்று எழுதிக் கொடுத்த பிறகு எவள் வேலைக்குப் போவாள்? கோகிலவாணி போனாள். அவளுடைய நோயாளிகளுக்கு ஏப்ரல் ஒன்றிலும் மாத்திரை உண்டு.

இந்த வருடம் மார்ச் முப்பத்தொன்றில் அட்டையை வாங்கிக்கொண்டவர்கள் இரண்டாம் தேதி திருப்பித் தரவில்லை. பழைய நிதிச் சுற்று முடிந்ததாம், புதுச் சுற்று தொடங்குகிறதாம். பணம் கொடுக்கிற வெளிநாட்டுக்காரர்கள் ஒரு நல்ல விதியைப் போட்டிருந்தார்கள். ஐந்து வருடம் தொடர்ந்து வேலை பார்த்தவர்களைப் புதுச் சுற்றில் அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும் என்று. நாங்கள் குதித்தோம். ஒரு வாரத்தில் அறக்கட்டளையிடமிருந்து கடிதம் வந்தது. இருபத்து மூன்று பேரில் ஒருவர்கூடத் தொடர்ந்து வேலை பார்க்கவில்லை, ஒவ்வொரு வருடமும் ஒரு நாள் இடைவெளி இருக்கிறது, ஆகவே எல்லோரும் புதிதாக விண்ணப்பிக்கலாம், வயது வரம்பு முப்பத்தைந்து.

எனக்கு நாற்பத்தாறு. கோகிலவாணிக்கு முப்பத்தெட்டு. இருபத்து மூன்று பேரில் முப்பத்தைந்துக்குள் இருந்தவர்கள் நான்கு பேர். கடிதத்தைப் படித்த அன்றைக்கு என் வாயிலிருந்து வந்ததை அச்சில் போட முடியாது.

முதலில் ஒரே ஒரு வழக்கைத் தொழிலாளர் துறையின் சமரசப் பேச்சுக்குக் கொண்டுபோகலாம், அது ஜெயித்தால் மற்றதும் ஜெயிக்கும் என்று ஒரு தொழிற்சங்கத் தோழர் சொல்லிக்கொடுத்தார். யாருடைய வழக்கு? எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். புதிதாக விண்ணப்பம் போடும்போது பேர் கெட்டுவிடுமே என்று பயம். கடைசி வரிசையிலிருந்து கோகிலவாணி கையைத் தூக்கினாள்.

"உனக்கு இன்னாடி தைரியம் திடீர்னு?" என்று கேட்டேன்.

"தைரியம் இல்லக்கா. எனக்கு இந்த வேலை வேணும். வேற வேலை எனக்குத் தெரியாது, தெரிஞ்சாலும் வேணாம். நான் நடக்கற வழியில இன்னொருத்தி புதுசா வந்து, எந்த வூட்ல யாரு மாத்திரையைத் துப்பறாங்கன்னு கத்துக்கறதுக்குள்ள ரெண்டு பேரு போய்டுவாங்க" என்றாள். பன்னிரண்டு வருடத்தில் அவள் கூட்டத்தில் பேசிய முதல் பேச்சு அது.

ஆதாரம் தேட உட்கார்ந்தோம். பிரேக் நாளிலும் அவள் வேலை பார்த்தாள், அது அலுவலகத்துக்குத் தெரியும் என்று காட்ட வேண்டும். அவ்வளவுதான் தேவை. நோயாளிகளின் சிகிச்சை அட்டைகளை எடுத்துப் பார்த்தேன். தினமும் மாத்திரை கொடுத்ததற்கு அவள் கையெழுத்து இருந்தது. ஏப்ரல் ஒன்று மட்டும் எல்லா அட்டையிலும் வெறும் கட்டம்.

"குடுத்தேன்னு சொன்னியே, கையெழுத்து எங்கடி?"

"பிரேக் நாள்ல கையெழுத்துப் போடக் கூடாதுன்னு சொன்னாங்க. போடல. மாத்திரை குடுக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லல, குடுத்தேன்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. "உன் நேர்மையை நீயே வெச்சிக்கோ. அங்க கேப்பாங்களே, இன்னா காட்டுவேன்? கருப்பனைக் கூட்டினு போய் நிக்கவா? அவரு உன்கிட்ட மாத்திரை வாங்கினவரு, உனக்காகப் பொய் சொல்றாருன்னு ஒரே வார்த்தையில தள்ளிடுவாங்க."

"ஆபீசுக்குத் தெரியும்க்கா. சொல்லிட்டுதான் போவேன்."

"சொன்னதெல்லாம் காத்துல போச்சு. வாயால சொன்னது எந்த ஊர்ல செல்லும்?"

அவள் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, அடுத்த அட்டையை எடுத்தேன். அந்தக் கையை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவள் வாயால் சொல்லவில்லை, எழுதியிருந்தாள். கேட்க எனக்குத்தான் பொறுமை இல்லை.

சமரசப் பேச்சு ஜூலை மாதம், கீழே தொழிலாளர் துறை அலுவலகத்தில் நடந்தது. உதவி ஆணையர் வயதானவர். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தாளைக் கண்ணருகே கொண்டுபோய்ப் படிக்கிறவர். மேசைக்கு அந்தப் பக்கம் கோபால்சாமியும், சென்னையிலிருந்து வந்திருந்த இளம் வக்கீலும். இந்தப் பக்கம் நானும் கோகிலவாணியும். அவள் திருவிழாவுக்கு உடுத்துகிற பச்சைப் புடவையில் வந்திருந்தாள். காலில் அதே ரப்பர் செருப்பு.

நான்தான் பேசினேன். நன்றாகவே பேசினேன் என்று நினைக்கிறேன். பன்னிரண்டு வருடம், ஏழு ஊர், குணமான எழுபத்து நாலு பேர், பாதியில் சிகிச்சையை விட்டவர் ஒருவர்கூட இல்லை. உதவி ஆணையர் கேட்டுக்கொண்டார். "எல்லாம் சரிம்மா. அந்த ஒரு நாள் வேலை பார்த்ததுக்கு என்ன இருக்கு?" என்றார். நான் கருப்பன் எழுதிக் கொடுத்த கடிதத்தை நீட்டினேன். வக்கீல் புன்னகை செய்தார். அந்தப் புன்னகைக்கே நான் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். கோகிலவாணி மேசைக்கு அடியில் என் முழங்காலை அழுத்தினாள், அடங்கினேன்.

வக்கீல் ஒரு கோப்பைத் திறந்தார். "சார், இவங்க வேலை முறிஞ்சதுக்கு ஆதாரம் இவங்க கையெழுத்தேதான். ஒவ்வொரு மார்ச் முப்பத்தொண்ணும் அட்டை, பை எல்லாம் ஒப்படைச்சு, தன் கைப்பட எழுதிக் கொடுத்த படிவம். மொத்தம் பன்னிரண்டு. மறுநாள் இவங்க எங்க போனாங்க, என்ன செஞ்சாங்கன்னு நிர்வாகத்துக்குத் தெரியாது. தெரிஞ்சிக்க வேண்டிய அவசியமும் இல்லை. நாங்க வேலை வாங்கலை."

பன்னிரண்டையும் எடுத்து மேசையில் அடுக்கிவைத்தார். முடிந்தது என்று நினைத்தேன். உதவி ஆணையர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். முதல் தாளை எடுத்தார். மேலிருந்து படித்துக்கொண்டு வந்தவர் கீழே வந்ததும் நின்றார். மறுபடியும் படித்தார். அடுத்த தாளை எடுத்தார். அப்புறம் அடுத்தது.

"இந்தக் குறிப்புக் கட்டத்துல எழுதியிருக்கறது யாரு கையெழுத்து?"

"என்னுதுங்க" என்றாள் கோகிலவாணி.

அவர் வாய்விட்டுப் படித்தார். "நாளை ஒன்றாம் தேதி காலை ஆலங்கொல்லை, பிறகு மூங்கிலோடை. நான்கு பேருக்கு மாத்திரை கொடுக்கப் போகிறேன். ஓடை வழியாகத் திரும்புவேன்." இது முதல் வருடம்.

அடுத்ததைப் படித்தார். "நாளை பெருங்காட்டூர். மழை வந்தால் ஓடை வழியாக வரமாட்டேன். மேட்டு வழி."

இன்னொன்று. "மேட்டு வழியில் கரடி நடமாட்டம் என்கிறார்கள். கருப்பன் அண்ணன் பாறைவரை துணைக்கு வருகிறார்."

கொரோனா வருடம். "பஸ் இல்லை. எல்லா ஊருக்கும் நடந்துதான் போகிறேன். இருட்டுவதற்குள் திரும்பாவிட்டால் தானிமரத்தூர் கோயிலில் பார்க்கவும்."

அதற்கு இரண்டு வருடம் கழித்து. "வயிற்றில் ஏழு மாதம். மெதுவாகத்தான் நடப்பேன். தாமதமானால் பயப்பட வேண்டாம்."

அதைப் படித்துவிட்டு அவர் அந்தத் தாளைத் தனியாக எடுத்து வைத்தார். வக்கீல் கோபால்சாமியைப் பார்த்தார். கோபால்சாமி மேசையைப் பார்த்தார். ஒவ்வொரு தாளிலும் குறிப்புக்குப் பக்கத்திலேயே நீல மையில் 'பெறப்பட்டது' என்ற முத்திரையும், அதன்மேல் அவருடைய சுருக்கொப்பமும் இருந்தன. பன்னிரண்டையும் பத்திரமாக வைத்திருந்து கொண்டுவந்து கொடுத்ததும் அவர்கள்தான்.

கடைசித் தாள் இந்த வருடத்துடையது. "நாளைக்குப் பிறகு அட்டை தரமாட்டார்கள் என்கிறார்கள். ஆறு பேருக்கு மாத்திரை முடியவில்லை. முடியும்வரை தினமும் இதே வழியில்தான் போவேன். ஓடை வழியாகத் திரும்புவேன்."

"போனீங்களா?" என்று கேட்டார் உதவி ஆணையர்.

"போய்னுதாங்க கீறேன். மாத்திரைப் பொட்டி அவங்கவங்க வூட்லயே கீதுங்க. நாலு பேருக்கு முடிஞ்சிது. ரெண்டு பேருக்கு ஆடிக் கடைசியில முடியும். இன்னைக்கு இங்க வரணும்னு விடியறப்பவே போய்க் குடுத்துட்டு வந்தேங்க."

எனக்கே தெரியாது. மூன்று மாதமாக நான் மனு எழுதுவதிலும் ஆத்திரப்படுவதிலும் இருந்தேன். இவள் ஒப்பந்தமும் இல்லாமல் அட்டையும் இல்லாமல் மலையில் நடந்துகொண்டிருந்திருக்கிறாள்.

வக்கீல் சுதாரித்துக்கொண்டு, "சார், இது அவங்க விருப்பத்துல செஞ்ச சேவை..." என்று ஆரம்பித்தார்.

"அதை அப்புறம் பேசலாம். மறுநாள் எங்க போனாங்கன்னு நிர்வாகத்துக்குத் தெரியாதுன்னு இப்பதானே சொன்னீங்க. எந்த ஊரு, எந்த வழி, எத்தனை பேருன்னு முதல் நாளே எழுதி வாங்கி முத்திரை குத்தியிருக்கீங்க. பன்னிரண்டு தடவை. ஒரு தடவையாவது போகாதேன்னு சொன்னீங்களா?"

"குறிப்பெல்லாம் யாரு சார் படிக்கிறாங்க?" என்றார் கோபால்சாமி. வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அது அவர் காதுக்கே கேட்டது போல. தலை குனிந்துகொண்டார்.

உதவி ஆணையர் கோகிலவாணியின் பக்கம் திரும்பினார். "பின்னால ஆதாரமா உதவும்னு எழுதினீங்களாம்மா?"

"இல்லீங்க. நான் திரும்பி வரலைன்னா தேடணுமில்லீங்க, அதுக்கு. மத்த நாள்ல திரௌபதி அக்காகிட்ட சொல்லிட்டுப் போவேன். பிரேக் நாள்ல அக்கா மலைக்கு வரமாட்டாங்க. அதனால ஆபீசுல எழுதிக் குடுத்தேங்க."

"ஆபீசுல இருந்து தேடி வருவாங்கன்னு நெனைச்சீங்களா?"

அவளுக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. புரியாமல் என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "எங்க ஊருப் பக்கம் வழி சொல்லிட்டுப் போனா, கேட்டவங்க 'கேட்டுக்கினேன்'னு சொல்லணுங்க. அவங்க அதைச் சொன்னாதான் நாங்க கிளம்புவோம். சொல்லிட்டாங்கன்னா, ஆளு வரலைன்னா தேடி வர்றது அவங்க பொறுப்பு. சாரு பெரியவரு, வாயால சொல்ல மாட்டாரு. முத்திரை குத்துவாரு. அதுதான் அவரு பதில்னு நெனைச்சினு போய்டுவேங்க."

நான் அவளைப் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. முத்திரை விழும்வரை நின்றவளைப் பின்னாலிருந்து தள்ளிய கை என்னுடையது. தினமும் மாலையில் வழியைச் சொல்லிவிட்டு ஒரு நொடி நின்றாளே, அது எதற்கு என்று பன்னிரண்டு வருடம் கழித்து, கீழே ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து தெரிந்துகொண்டேன். செயலாளராம் நான். தொழிலாளி உரிமையைப் பற்றி மேடைபோட்டுப் பேசுகிறவளாம்.

எங்கள் யாருக்கும் இல்லாத நம்பிக்கையை அவள் அந்த அலுவலகத்தின் மேல் வைத்திருந்தாள். ஏமாளித்தனம் என்று நீங்கள் சொல்லலாம், முந்தின நாள் கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன். ஆனால் ஏழு மாத வயிற்றோடு காட்டுக்குள் போகிறவள், தனக்குத் துணை வேண்டும் என்று எழுதவில்லை. நாம் பயந்துவிடக் கூடாது என்று எழுதியிருக்கிறாள். இப்படி ஒருத்தி என் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். அவளுக்காகப் பேச வந்தவள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், அவள் எழுத்துதான் எங்கள் எல்லோருக்காகவும் பேசியது.

உதவி ஆணையர் மதியம் வரை ஒத்திவைத்தார். வெளியே வராந்தாவில் கோபால்சாமி சென்னைக்கு போன் போட்டார். தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் மெதுவாகப் பேசினார். அப்புறம் குரல் உயர்ந்தது. "இல்லீங்க மேடம், படிக்காம குத்தினது நான்தான். ஒரு தடவை அந்தப் பொண்ணு திரும்பாம இருந்திருந்தா நான் இன்னா பதில் சொல்வேன்? இதை மேல கொண்டுபோனா அங்கயும் இந்தத் தாளைத்தான் படிப்பாங்க" என்றார். போனை வைத்துவிட்டு எங்களிடம் வந்தார்.

"ஏழு மாசத்துலயா போன?" என்று கோகிலவாணியிடம் கேட்டார்.

"ஆமாங்க சார். எல்லாரும் மோரு குடுத்தாங்க" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். "நானும் ஒப்பந்தம்தான் திரௌபதி. எனக்கும் ஏப்ரல் ஒண்ணுதான். தெரியுமில்ல?" என்றார். தெரியாது. அவரை எதிர்த்தே பழகியதால் அதைக் கேட்க எனக்குத் தோன்றியதில்லை. வழக்கம்போல ஏதாவது வெடிப்பேன் என்று அவர் காத்திருந்தார். நான் டீ வாங்கிக் கொடுத்தேன்.

மதியம் மூன்று மணிக்கு உடன்பாடு எழுதினார்கள். கோகிலவாணியின் பணி பன்னிரண்டு வருடமும் இடைவெளியில்லாத பணி. புதுச் சுற்றில் அதே ஏழு ஊர்களுக்கு அவளே. ஏப்ரல் ஒன்றை வைத்து மற்ற இருபத்திரண்டு பேரையும் தள்ளக் கூடாது, இனிமேல் அந்த இடைவெளியும் கிடையாது. நான் வரி வரியாக மூன்று தடவை படித்தேன். கோகிலவாணி ஒரு தடவை படித்தாள், தாளைத் திருப்பிப் பார்த்தாள். "இதுல குறிப்பு எழுத எடம் இல்லீங்களா?" என்று கேட்டாள். உதவி ஆணையர் சிரித்துவிட்டார். கையெழுத்துப் போட்டதும் அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். நான் சத்தமாகவே அழுதேன்.

போளூர் பஸ் நிலையத்தில் இரண்டு பேரும் பிரிய வேண்டும். அவளுக்கு மலை பஸ், எனக்குக் கலசப்பாக்கம் பஸ். அவள் பஸ் வந்து நின்றது, ஆட்கள் ஏறினார்கள். வீட்டில் மூன்று வயதுப் பிள்ளைக்கு என்று வாங்கிய பொரி உருண்டைப் பொட்டலத்தை அவள் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அக்கா, ஜமுனாமரத்தூர்ல இறங்கி பெருங்காட்டூர் போய் கருப்பன் அண்ணன்கிட்ட சேதி சொல்லிட்டு, மேட்டு வழியா வூட்டுக்குப் போறேன். மேல மழைன்னு சொன்னாங்க, ஓடை வழியா போகல."

சொல்லிவிட்டு நின்றாள். நடத்துனர் விசில் ஊதினார். அவள் அசையவில்லை.

"கேட்டுக்கினேன்" என்றேன்.

அப்புறம்தான் அவள் பஸ்ஸில் ஏறினாள்.